முதல் வாசகர்

ஒரு நாடகப் பிரதியை, எழுதியவனுக்கு அடுத்தபடியாக முதலில் படிப்பது யார் என்று கேட்டால் நாம் நம் வட்டத்து நண்பர்களின் பெயர்களைச் சொல்வோம். சட்டம் வெகுகாலம் சொல்லிவந்த பதில் வேறு. 1954ஆம் வருஷத்திய நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் கீழ், பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் ஆட்சேபகரம் என்று தோன்றினால் நாடகத்தையே நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் உயிர்நிலையான பிரிவுகள் அரசியல் சட்டத்திற்கு முரணானவை என்று தள்ளும்வரை இது நீடித்தது. ஏறக்குறைய அறுபது வருஷங்கள். நவீனத் தமிழ் நாடகம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த அறுபது வருஷங்களில் எழுதப்பட்டதுதான். அதாவது ஒரு போலீஸ்காரர் உத்தேச வாசகராகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எழுதப்பட்டது. நான் படித்த அளவில், நாடகம் பற்றிய நமது விமர்சனங்களில் இந்த வாசகருக்கு ஒரு பாராகூட ஒதுக்கப்படவில்லை. பிரெக்ட் பற்றியும் அபத்த நாடகம் பற்றியும் கூத்தின் மரபு பற்றியும் எழுதியிருக்கிறோம். இன்ஸ்பெக்டரைப் பற்றி எழுதவில்லை. அவரைப் பற்றி எழுதுவது இலக்கிய விமர்சனம் ஆகாது என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது, போன வருஷம்வரை.

அந்தச் சட்டத்தின் பூர்வீகம் தெரிந்ததுதான். 1876இல், கல்கத்தா மேடையில் வேல்ஸ் இளவரசரின் விஜயத்தை ஒட்டி எழுந்த கேலியைப் பொறுக்காமல் நார்த்புரூக் பிரபுவின் அரசு கொண்டுவந்த சட்டத்தின் வாரிசு அது. மூலச் சட்டத்தை 1956இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. லக்னோவில் இப்டா குழுவினர் பிரேம்சந்தின் 'ஈத்கா'வை நாடகமாகப் போட்டதில் எழுந்த வழக்கு அது. சந்தையில் தனக்குப் பொம்மை வாங்காமல் பாட்டிக்கு இடுக்கி வாங்கி வருகிற ஒரு சிறுவனின் கதை, அரசாங்கத்தின் கண்ணுக்கு அனுமதி தேவைப்படும் விஷயமாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை அங்கே சுதந்திர இந்தியாவின் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. இங்கே அதற்கு இரண்டு வருஷம் முன்பு சுதந்திர இந்தியாவின் சட்டசபை அதே மாதிரி ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தைக் குறிவைத்து வந்த சட்டம் என்பது அன்றே ஊரறிந்த விஷயம்.

ராதா விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவருடைய நாடகம் பிரதியில் இல்லை. அன்று காலைப் பத்திரிகையில் வந்ததை அன்று ராத்திரி மேடையில் பேசியவர் அவர். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் முகத்தைப் பார்த்து அடுத்த வசனத்தை முடிவு செய்தவர். அவரிடம் பிரதியைக் கொடு என்று கேட்பது ஆற்றங்கரையில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரைப் பரிசோதித்து வெள்ளம் வருமா என்று பார்ப்பது போல. சட்டத்துக்கு அது புரியவில்லை. நாடகம் என்பது எழுதப்பட்ட தாளில் இருக்கிறது என்று சட்டம் நம்பியது. நாமும் அதைத்தான் நம்பினோம். ராதாவை நாம் ஒரு நாடகக்காரராக எடுத்துப் பேசாமல் போனதற்கும், போலீஸ் அவரைப் பிரதி வழியாகப் பிடிக்க முடியாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். அம்பத்தூரில் எங்கள் வட்டம் மாதம் ஒரு முறை கூடுகிறது. தையல் கடைக்கு மேலே ஓர் அறை. வழக்கமாக ஒன்பது பேர், மழை இல்லாவிட்டால் பதினொன்று. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நாடகம் எழுதிக் கொண்டுவந்தார். ஒரு தொழிற்சாலை வாசலில் ஏழெட்டுப் பேர் ஷிப்ட் சங்கு ஊதுவதற்காகக் காத்திருக்கிறார்கள். சங்கு ஊதவில்லை. அவ்வளவுதான் நாடகம். இரண்டு மணி நேரம் விவாதித்தோம். பெக்கெட் வந்தார், காஃப்கா வந்தார், காலம் பற்றிய பிரக்ஞை வந்தது. காத்திருத்தல் ஒரு இருத்தலியல் நிலை என்று நான் பேசியதை நண்பர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியவர் மட்டும் அதிகம் பேசவில்லை. கடைசியில், இதை இந்த அறையில் படிக்க வேண்டாம், எஸ்டேட் பக்கம் ஷிப்ட் முடிந்து ஆட்கள் போகிற நேரத்தில் திறந்த வெளியில் போட வேண்டும் என்றார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை இன்று பழைய தொழிற்பேட்டை இல்லை. லேத் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடி மாளிகைகள் எழும்பிவிட்டன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன்களும் கையில் கிரீஸ் படிந்தவர்களும் ஒரே டீக்கடையில்தான் நிற்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து நின்று பார்க்கிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது நண்பரின் ஆசை. எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அனுமதி வாங்க வேண்டுமே என்று ஒருவர் சொன்னார். பாங்க்கில் இருக்கிறவன், நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசுவான் என்று என்னை அனுப்பினார்கள்.

எந்தக் காவல் நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. மனுவைக் கொடுத்தேன். நாடகம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர், "ஸ்கிரிப்ட் இருக்கா சார்?" என்றார். அந்தச் சட்டம் செத்துப் பல வருஷமாகிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பையிலிருந்து பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையோடு கொண்டுபோயிருந்தேன் என்பதை இங்கே குறித்தாக வேண்டும். என்னை யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. ரத்தான ஒரு சட்டம் எங்கே குடியிருக்கிறது என்று தேடினால் போலீஸ் ஸ்டேஷனில் பாதி, என் தோள் பையில் பாதி.

இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். எந்த பாங்க், எந்தக் கிளை, நகைக்கடனுக்கு இப்போது கிராமுக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுப் பிரதியை எடுத்தார். முழுக்கப் படித்திருந்தார். பென்சிலால் ஒரே ஓர் இடத்தில் கோடு போட்டிருந்தார். காத்திருக்கிறவர்களில் ஒருவன் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கிற இடம்.

"இந்த எடத்துல ஜனங்க பதில் சொல்லிட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் விவாதித்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி எழவில்லை. அந்த வரியை நாங்கள் ஓர் உத்தியாகப் பார்த்தோம். பார்வையாளனை நோக்கிய கேள்வி, நான்காவது சுவரை உடைப்பது, இத்யாதி. அதற்கு நிஜமாக ஒருவன் நிஜமாகப் பதில் சொல்லக்கூடும் என்பது அவருக்குத்தான் தோன்றியது. அந்த நாடகத்தின் மையத்தைத் தொட்ட ஒரே வாசிப்பு அவருடையது. அந்த வாசிப்பின் முடிவு, அனுமதி இல்லை என்பது. "ரூமுக்குள்ள படிச்சுக்குங்க, ஒரு பிரச்சினையும் இல்ல. வெளியில வேணாம்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. எஸ்டேட் டீக்கடை முன்னால் நின்று முன்பின் தெரியாத நூறு பேர் முன் அந்த நாடகம் நடப்பதை நான் உள்ளூர விரும்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் சிரிப்பார்கள், போன் பேசுவார்கள், தப்பாகப் புரிந்துகொள்வார்கள். ஜனங்களால் இதைப் படிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் நினைத்ததும் கிட்டத்தட்ட இதுதான். அவர் ஜனங்கள் பற்றவைத்துக்கொள்வார்கள் என்று பயந்தார், நான் அவர்கள் கொட்டாவி விடுவார்கள் என்று பயந்தேன். அவர் பயத்தில் ஜனங்களுக்குக் கொஞ்சம் மரியாதையாவது இருந்தது.

இதற்குப் பிறகுதான் பேச்சுரிமை, கூடும் உரிமை பற்றிய தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். வக்கீல் போல அல்ல. எனக்குத் தெரிந்த ஒரே முறையில், இலக்கியப் பிரதியைப் படிப்பது போலப் படித்தேன். அப்படிப் படிக்கிறபோது ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றிலும் அடியில் ஓடுகிற விவாதம் வாசகன் யார் என்பதுதான். எழுதியவனுக்கு என்ன உரிமை என்பது அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்தில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பேசவும் வெளியிடவும் உரிமை, அமைதியாக ஆயுதமின்றிக் கூட உரிமை. அதை எங்கே கட்டுப்படுத்தலாம் என்று வருகிறபோது கேட்பவனைப் பற்றி ஒரு சித்திரம் தேவைப்படுகிறது. எப்படிப்பட்டவன் அவன்? ஒரு வார்த்தையைக் கேட்டதும் கல்லைத் தூக்குகிறவனா, கேட்டுவிட்டு யோசிக்கிறவனா?

இந்தக் கட்டுப்பாடுகளின் கதை நம் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை தன் எல்லைக்குள் நுழையக்கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. ரமேஷ் தாப்பர் வழக்குப் போட்டார். 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மறு வருஷமே முதல் திருத்தத்தின் மூலம் 'பொது ஒழுங்கு' என்ற சொல் 19(2)இல் நுழைந்தது. கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று முதல் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே மல்யுத்தம்.

'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நான் பார்த்தேன். கலையாக அதில் ஒன்றும் இல்லை. ஜாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைத் தாக்குகிற படம், அதன் வாதம் எனக்கு உடன்பாடும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. படம் வந்தால் கலவரம் வரும் என்று மாநில அரசு சொன்னது. 1989இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டுத் தந்தது. கலவரம் வரும் என்ற பயமுறுத்தலுக்குப் பேச்சைப் பணயம் வைக்க முடியாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போலப் பேச்சுக்கும் ஆபத்துக்கும் அவ்வளவு நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்புக்குள் இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள். ஓரிடத்தில், சினிமா புத்தகம் போன்றதல்ல, இருட்டில் உட்கார வைத்து மனதை இழுத்துக்கொண்டு போகும், ஆகவே முன்தணிக்கை தேவை என்கிறார்கள். இது இன்ஸ்பெக்டரின் வாசகன். இன்னோரிடத்தில், படத்தை அளக்க வேண்டியது சாதாரண விவேகமுள்ள மனிதனை வைத்துத்தான், எதற்கெடுத்தாலும் துடிக்கிறவனை வைத்து அல்ல என்கிறார்கள். இந்த இரண்டாமவனுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1947இல் நாகபுரியில் நீதிபதி விவியன் போஸ், திடமும் தைரியமும் உள்ள நியாயமான மனிதனையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும், எல்லாவற்றிலும் ஆபத்தைக் காணும் பலவீனனை அல்ல என்று எழுதினார். 'தமஸ்' தொலைக்காட்சித் தொடர் வழக்கில், 1988இல், உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

திடமான, தைரியமான சாமான்யன். நமது சிறுபத்திரிகைகளின் பக்கங்களில் இந்த ஆளை நான் சந்தித்ததில்லை. நம் பக்கங்களில் வருகிற சாமான்ய வாசகன் தொடர்கதை படிக்கிறவன், சினிமாவில் மூழ்கியவன், ரசனை கெட்டவன், மந்தை. அவனுக்கு எதிராகத்தான் நாம் நம்மை நிறுவிக்கொண்டோம். அதற்கு அன்று நியாயம் இருந்தது, வியாபாரப் பத்திரிகைகள் அவன் பெயரைச் சொல்லித்தானே குப்பையை விற்றன. ஆனால் அதன் மறுபக்கத்தை நாம் பார்க்கவில்லை. ஜனங்கள் பக்குவமற்றவர்கள் என்று ஐம்பது வருஷமாக எழுதிவந்த நாம், ஜனங்கள் பக்குவமற்றவர்கள், ஆகவே வெளியில் வேண்டாம் என்று ஒரு அதிகாரி சொல்லும்போது எதை வைத்து மறுப்பது? அவர் நம் கட்டுரைகளிலிருந்தே மேற்கோள் காட்டலாம்.

பி.ஏ. ஆங்கில வகுப்பில் எங்களுக்கு இரண்டு 'மயக்கங்கள்' கற்றுக்கொடுத்தார்கள். விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1940களில் எழுதிய இரு கட்டுரைகள். எழுதியவனின் நோக்கத்தை வைத்துப் பிரதியை மதிப்பிடுவது ஒரு மயக்கம், படிப்பவனிடம் அது உண்டாக்கும் விளைவை வைத்து மதிப்பிடுவது இன்னொரு மயக்கம். இரண்டையும் தள்ளினால் பிரதி மட்டும் மிஞ்சும், சுத்தமாக, தனியாக. இதைப் பிடித்துக்கொண்டு நான் பத்து வருஷம் விமர்சனம் எழுதியிருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் இது ஒரு காசு பெறாது. அங்கே விளைவு ஒன்றே அர்த்தம். அதிலிருந்து பேசுகிறவனைக் காப்பாற்ற சட்டம் நீட்டும் கயிறோ, நாம் தூக்கி எறிந்த நோக்கம்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்களுக்குப் பக்கத்துப் பூந்தமல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது பூந்தமல்லியில்தான். பொடா வந்தபின் அந்த வழக்குகளும் பூந்தமல்லிக்கு வந்தன. 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக வைகோ அடுத்த மாதம் கைதானார். பேசியதற்காக மட்டும். அவர் கட்சியும் அங்கம் வகித்த கூட்டணியின் அரசு கொண்டுவந்த சட்டம் அது என்பது வேறு கதை. அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவு திரட்டுவது, அதற்காகக் கூட்டம் ஏற்பாடு செய்வது, கூட்டத்தில் பேசுவது எல்லாவற்றையும் பத்து வருஷம்வரை சிறை வைக்கக்கூடிய குற்றமாக்கியது. அதன் கீழே ஒரு விளக்கம் உண்டு. கூட்டம் என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடுவது, பொதுமக்களுக்கு அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மூன்று பேர். இந்த விளக்கத்தைப் படித்தபோது எங்கள் தையல் கடை மாடியை நினைத்துக்கொண்டேன். கவிதை வாசகர்கள் சேர்வதற்கும் அதுதான் எண்ணிக்கை. ரூமுக்குள் என்றால் பிரச்சினையில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்ததே, அந்த ரூமின் கதவு சட்டம் விரும்பினால் திறக்கக்கூடியது. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்று சொல்லிவிட்டு, அதே தீர்ப்பில் 21ஆம் பிரிவைக் குறுக்கியது. பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இல்லாமல் வெறுமனே ஆதரவாகப் பேசுவது குற்றமாகாது என்றது. பிரிவின் எழுத்தில் இல்லாத நோக்கத்தை நீதிபதிகள் உள்ளே வைத்துப் படித்தார்கள். பத்தொன்பது மாதச் சிறைக்குப் பிறகு வைகோ வெளியே வந்தது 2004 பிப்ரவரியில். அந்த வருஷமே பொடா போயிற்று. அதன் பிரிவுகள் சில 1967ஆம் வருஷத்திய சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. அங்கே ஆதரவு பற்றிய பிரிவில் 'நோக்கத்துடன்' என்ற சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது. விம்ஸாட் மன்னிப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் நோக்கம் இருந்ததா இல்லையா என்று விசாரித்து முடிக்கும்வரை ஆள் உள்ளே இருக்க நேரிடும் என்பதையும் அந்தப் பத்தொன்பது மாதம் சொல்கிறது.

'மாதொருபாகன்' தீர்ப்பை நம்மில் பலர் கொண்டாடினோம். 2016 ஜூலை 5, சஞ்சய் கிஷன் கௌல், புஷ்பா சத்தியநாராயணா அமர்வு. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரி முன்னிலையில் நடந்த 'சமாதானப் பேச்சுவார்த்தை'யில் எழுதி வாங்கியது பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாம் என்றும், எழுத்தாளன் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றும் சொன்ன தீர்ப்பு. ஒரு தமிழ் நாவலை இவ்வளவு நீளமாக, ஒவ்வொரு அத்தியாயமாக, குணச்சித்திரம் குணச்சித்திரமாக எந்தச் சிறுபத்திரிகை விமர்சகரும் அந்தச் சமயத்தில் எழுதவில்லை. பொன்னாவும் காளியும் படும் பாட்டை நீதிபதிகள் படித்திருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் ஜெராக்ஸ் எடுத்து வினியோகிக்கப்பட்டதோ சில பக்கங்கள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், நாவல் அப்படியொன்றும் பெரிய சாதனை இல்லை, இதைவிட அவருடைய வேறு நாவல் மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அது ஒரு விமர்சன நேர்மை என்று நினைத்தேன்.

இங்கே எனக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. ஆபாசம் பற்றிய பழைய 292ஆம் பிரிவில், இலக்கியம், கலை, விஞ்ஞானம் இவற்றின் நன்மைக்காக என்றால் விலக்கு உண்டு என்று 1969இல் சேர்த்தார்கள். 'லேடி சாட்டர்லி'யை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேஷி 1964இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகு வந்த திருத்தம். நல்லதுதான். ஆனால் இலக்கியத் தரம் ஒரு பாதுகாப்பு என்றால், தரச் சான்றிதழ் கொடுப்பவர்கள் நாம். தரம் இல்லாத பேச்சுக்கு என்ன கதி? எஸ்டேட் கேட்டில் நின்று கத்துகிறவனின் கோஷத்தில் படிமம் கிடையாது. 'ஒரே ஒரு கிராமத்திலே'யில் கலை கிடையாது. 'மாதொருபாகன்' தீர்ப்பேகூட, இப்படிப்பட்ட தகராறுகளைப் பரிசீலிக்க நிபுணர் குழு ஒன்று வேண்டும் என்று யோசனை சொன்னது. நிபுணர் குழு என்றால் யார்? நாம்தான். இன்ஸ்பெக்டர் எழுந்துபோன நாற்காலியில் நம்மை உட்காரச் சொல்கிறார்கள். என்னை அழைத்தால் எந்த இடத்தில் பென்சில் கோடு போடுவேன் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

போலீஸ் தரப்பை நான் கேலி செய்ய முடியாது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஒரு பிரச்சாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்துப்போனார்கள். பேச்சு அவர்களைக் கொல்லவில்லை, இடமில்லாமைதான் கொன்றது. திறந்த வெளியில் ஆட்களைச் சேர்க்கிறவன் அவர்களுடைய மூச்சுக்கும் பொறுப்பு என்று ஒரு இன்ஸ்பெக்டர் சொன்னால் அதில் தப்பில்லை. எத்தனை பேர், எந்தப் பக்கம் வழி, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று அவர் கேட்கட்டும். 1972இல் ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடும் இதுதான். அகமதாபாத்தில் மாணவர்கள் கூட்டம் போட அனுமதி மறுத்தார்கள். தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் மனம்போல என்று ஒரு விதி இருக்க முடியாது என்று அந்த விதியையே தள்ளினார்கள். என்னிடம் இன்ஸ்பெக்டர் வழியைப் பற்றியோ எண்ணிக்கையைப் பற்றியோ கேட்கவில்லை. பிரதியைக் கேட்டார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாம். சென்னையில் 1888ஆம் வருஷத்திய போலீஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் கூட்டம், ஊர்வலங்களுக்குப் பதினைந்து நாள் கட்டுப்பாடு என்று ஒரு உத்தரவு வரும். பதினைந்து நாள் முடிந்ததும் இன்னொரு பதினைந்து நாள். தற்காலிகம் என்ற சொல்லை இதைவிடப் புதுமையாக நம் கவிஞர்கள் யாரும் கையாண்டதில்லை.

1989 ஜனவரி 1 அன்று, தில்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத் தொழிற்பேட்டையில் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது ஸஃப்தர் ஹாஷ்மியை அடித்தார்கள். மறுநாள் இறந்தார். 4ஆம் தேதி அவருடைய குழு அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முடித்தது. யாரிடம் எந்த மனுவைக் கொடுத்தார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பார்க்க வந்தவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் நாடகத்தை மாடி அறையில் படித்தோம். பதினொரு பேர். மழை இல்லை. நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கிற இடம் வந்தது. நண்பர் படிப்பதை நிறுத்திவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் பதில் சொல்லவில்லை. நல்ல இடைவெளி, அற்புதமான மௌனம் என்று பிற்பாடு ஒருவர் பாராட்டினார். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நண்பர் அந்தப் பென்சில் கோட்டை அழிக்கவில்லை. அந்தப் பிரதியைத்தான் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார். போன வாரம் இன்னொரு மனு எழுதினோம். 2022இலிருந்து இந்தப் பக்கமெல்லாம் ஆவடி கமிஷனரேட். ஆகவே இந்த முறை கமிஷனருக்கே. இடம், நேரம், எத்தனை பேர் வருவார்கள், எந்தப் பக்கம் வழி, முதலுதவிக்கு யார் என்று எல்லாம் எழுதியிருக்கிறோம். இணைப்பு என்ற இடத்தில் பட்டறை வாசலின் வரைபடம் மட்டும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட என்னைக் கேட்டார்கள். பாங்க்கில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அரை நாள் யோசித்துவிட்டுப் போட்டேன்.